வண்டிக்கு மெத்தை தைத்தவர்

"வண்டிக்கு மெத்தை தைச்சவராம் மாமா. அதுக்கு மேல எங்க வீட்டுல யாருக்கும் எதுவும் தெரியல" என்றாள் எதிர்வீட்டுப் பெண். அவளுடைய தாத்தாவின் அப்பாவைப் பற்றிய பேச்சு. வங்கியில் வேலை பார்க்கிறவள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து உட்கார்ந்தால் எதையாவது தோண்டாமல் எழுந்திருக்க மாட்டாள். இரண்டு மாதமாக இதைத்தான் தோண்டுகிறாள். 'அப்ஹோல்ஸ்டரர்' என்று கணினியில் தட்டிப் பார்த்திருக்கிறாள். சோபா விற்கிற கடைகள்தான் வந்து நின்றனவாம்.

இஞ்சி தட்டிப் போட்டுத் தேநீர் கொண்டுவந்தேன். இந்தப் பேச்சென்றால் எனக்கு நேரம் போவது தெரியாது என்று அவளுக்குத் தெரியும். என் தாத்தா பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் இருந்தவர். அப்பா ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர். இரண்டு பேருமே ரயில்பெட்டி இருக்கைக்கு உறை போர்த்தியவர்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற யாரும் திரும்பிப் பார்க்காத வேலை. நான் இன்றைக்கும் ரயிலில் ஏறினால் முதலில் விரலால் தடவிப் பார்ப்பது இருக்கையின் தையலைத்தான்.

"முதல்ல நீ ஒண்ணு செய். வீட்டுல சொன்னதை மொழிபெயர்க்காதே" என்றேன். 'வண்டிக்கு மெத்தை தைச்சவர்' என்பதை அவளாகவே 'அப்ஹோல்ஸ்டரர்' ஆக்கிக்கொண்டு தேடியிருக்கிறாள். அந்த மனிதரை அவருடைய காலத்தில் யாரும் அப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். பட்டறையில் அவர் 'டிரிம்மர்'. குதிரை வண்டி செய்கிற கம்பெனியில் கூடு செய்ய ஒருவர், சக்கரத்துக்கு ஒருவர், இரும்புக்கு ஒருவர், வர்ணத்துக்கு ஒருவர் என்று தனித்தனி ஆட்கள் உண்டு. தோல், துணி, மெத்தை, மேல்மூடி, உள்பக்கத்துத் திரை, தரைவிரிப்பு இவையெல்லாம் டிரிம்மர் கையில். இங்கிலாந்திலிருந்து வந்த பெயர் அது. ரயில்வே பட்டறைகளில் 'டிரிம்மிங் ஷாப்' என்று பின்னாளிலும் நின்றது. வெளியே அதே மனிதரை ஒருவர் சேணம் தைக்கிறவர் என்பார், ஒருவர் டெய்லர் என்பார், இன்னொருவர் டாப் அடிக்கிறவர் என்பார், பிற்பாடு குஷன்காரர் என்பார்கள். கை ஒன்றுதான். ஆகவே பெயரைப் பிடித்துக்கொண்டு ஏட்டில் தேடினால் ஆள் நழுவிவிடுவார். அவர் கை என்ன செய்தது என்று தெரிந்துகொண்டு தேடினால், எந்தப் பெயரில் ஒளிந்திருந்தாலும் அகப்படுவார்.

"கை என்ன செஞ்சுதுன்னு எனக்கு எப்படித் தெரியும் மாமா?"

அதைத்தான் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளமாகவே சொன்னேன்.

நம் ஊர்க் கூண்டு வண்டியில் மெத்தை என்று தனியாக எதுவும் கிடையாது. வைக்கோலைப் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்தால் முடிந்தது. வில்வண்டியில் வசதி கொஞ்சம் கூடும். கோச்சு, சாரட்டு என்று வெள்ளைக்காரர்களோடு வந்த வண்டிகளில்தான் இருக்கையும் சாய்மானமும் மரச்சட்டத்தோடு சேர்த்து அடிக்கிற வேலை வந்தது. சட்டத்தின் மேல் குறுக்கும் நெடுக்குமாக நாடா இழுத்துக் கட்டுவார்கள். அதன்மேல் சாக்குத் துணி. அதன்மேல் திணிப்பு. கடைசியாகத் தோல்.

திணிப்புக்கு உயர்ந்த சரக்கு குதிரை மயிர். அதை அப்படியே அள்ளித் திணித்தால் இரண்டு மாதத்தில் கட்டி தட்டிவிடும். அதனால் முதலில் கயிறு மாதிரி இறுக்கி முறுக்கி, வெந்நீரிலோ ஆவியிலோ வைத்து, காய்ந்த பிறகு முறுக்கைப் பிரித்து உதறுவார்கள். இழை ஒவ்வொன்றும் சுருண்டு நிற்கும். அமுக்கினால் அமுங்கும், கையை எடுத்தால் எழும்பும். இதே வித்தை தேங்காய் நாருக்கும் பலித்தது. நாரையும் முறுக்கிச் சுருள வைத்துப் பிரித்தால் அதுவும் எழும்பும். தென்னை நிற்கிற நாட்டில் குதிரை மயிருக்கு எதற்குக் காசு கொடுப்பது? நம் பக்கத்து பஸ்களின் இருக்கை கிழிந்த இடத்தில் பழுப்பாக எட்டிப் பார்த்ததே, அந்த நாரைத்தான் சொல்கிறேன்.

தோல் போர்த்துவதுதான் கையின் சோதனை. பழைய சாரட்டுச் சாய்மானத்தில் பட்டன் வைத்து, சுற்றிலும் சாய்சதுரமாக மடிப்பு விழுந்திருப்பதைப் படங்களில் பார்த்திருப்பாய். அடித்துணியில் பட்டனுக்குப் பட்டன் ஆறு அங்குலம் என்று புள்ளி வைத்தால், தோலில் ஏழரை அங்குலம் போல வைக்க வேண்டும். அதிகப்படியான அந்த ஒன்றரை அங்குலம்தான் மேடாக எழும்பி மடிப்பாக விழுகிறது. திணிப்பு தடிமனாக இருந்தால் அந்தக் கணக்கு கூடும், மெலிந்தால் குறையும். கத்தரி வைத்த பிறகு தோல் வளராது, தவறினால் ஒரு முழுத்தோல் போச்சு. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத என் தாத்தா இந்தக் கணக்கை மனத்திலேயே போட்டார் என்று அப்பா சொல்லும்போது அவர் குரல் மாறிவிடும்.

ஓரத்தில் ஆணி அடிப்பதற்குத் தனி முறை உண்டு. இடது கையால் தோலை விடாமல் இழுத்துப் பிடித்திருக்க வேண்டும், வலது கையில் சுத்தியல். ஆணியை எந்தக் கையால் எடுப்பது? அதற்குத்தான் வாய். ஒரு பிடி சின்ன ஆணியை வாயில் போட்டுக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாகப் புரட்டி, தலைப்பக்கத்தை உதட்டுக்குக் கொண்டுவருவார்கள். சுத்தியலின் ஒரு முனை காந்தம். அதில் ஆணியை ஒட்டி எடுத்து ஒரு தட்டு, சுத்தியலைத் திருப்பி இன்னொரு தட்டு. அந்தக் காலத்தில் எங்கே இந்த வேலை நடந்தாலும் பெரும்பாலும் ஆணி வாயில்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள் என்றேன். வீட்டுப் பெரியவர்களிடம் "தாத்தா என்ன வேலை?" என்று கேட்டால் "கம்பெனியில வேலை" என்பார்கள். "வேலை செய்யும்போது வாயில் என்ன இருக்கும்? வீட்டுக்கு வந்தால் சட்டையில் என்ன வாசனை? நின்று செய்வாரா, உட்கார்ந்தா?" என்று கேட்டால்தான் பதில் வரும். உட்கார்ந்து மெஷின் மிதித்தவருக்கும் நின்றுகொண்டு சட்டத்தில் அடித்தவருக்கும் சம்பளமே வேறு.

வாசனை என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. திணிப்பும் உறையும் காலத்தைக் காட்டிக்கொடுக்கும். ரெக்ஸின் என்று நாம் சொல்வது மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஹைட் என்ற ஊரில் ஒரு கம்பெனி தன் சரக்குக்கு வைத்த பெயர். பருத்தித் துணியின் மேல் செல்லுலோஸ் நைட்ரேட் பூசிச் செய்தது. அது வெடிக்காமல் வளைய வேண்டுமே, அதற்காக இந்த வகைப் பூச்சுகளில் விளக்கெண்ணெய் கலப்பார்கள். "அப்பா மேல விளக்கெண்ணெய் வாடை அடிக்கும்" என்று யாராவது சொன்னால் அதை வைத்தியத்தோடு சேர்த்துவிடாதே. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பி.வி.சி. பூசிய துணி வந்தது, பெயர் மட்டும் ரெக்ஸின் என்றே ஒட்டிக்கொண்டது. ரப்பர் பாலை நுரைக்க வைத்துச் செய்த மெத்தை டன்லப் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது 1929இல். இன்று கடையில் கிடைக்கிற ஃபோமின் மூலமான பாலியூரித்தேனை ஜெர்மனியில் ஓட்டோ பாயர் கண்டது 1937இல், அது இருக்கைக்குள் வந்தது போருக்குப் பின்னால்தான். ஆகவே "ஸ்பாஞ்சு வெட்டுவார்" என்று ஒரு பெரியவர் சொன்னால் அந்த ஞாபகம் எந்தப் பத்தாண்டைச் சேர்ந்தது என்று ஓரளவு கணிக்கலாம்.

அவள் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டாள். "கொள்ளுத் தாத்தா மவுண்ட் ரோடுல கம்பெனின்னு அப்பா சொல்வார் மாமா. குதிரை வண்டியா, காரா?"

இரண்டுமாக இருக்கலாம். மவுண்ட் ரோடு சிம்சன் கம்பெனி தொடங்கியது 1840இல். கோச்சு வண்டி கட்டிய அந்த நிறுவனத்தில்தான் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903இல் நீராவியால் ஓடும் கார் ஒன்றைச் செய்தார். ஆரம்பத்தில் கப்பலில் வந்து இறங்கிய மோட்டார்களில் பல வெறும் சேஸிஸ்கள்தான். எஞ்சினும் சக்கரமும் மட்டும் இருக்கும், மேலே கூடு இங்கே கட்ட வேண்டும். அந்த வேலை யாருக்குத் தெரியும்? சாரட்டு கட்டியவர்களுக்குத்தான். நேற்றுவரை குதிரைக்குப் பின்னால் இருந்த மெத்தையை இன்று எஞ்சினுக்குப் பின்னால் அடித்தார்கள். அதே நாடா, அதே மயிர், அதே ஆணி. 1928இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் முழுக் கார்களாகவே பூட்டத் தொடங்கியது போன்ற மாற்றங்கள் வந்தபிறகு, கார் கூடு கட்டுகிற வேலை மெல்லச் சுருங்கியது. பஸ்ஸும் லாரியும் மட்டும் சேஸிஸாகவே வந்துகொண்டிருந்தன. கைகள் அந்தப் பக்கம் போயின. இன்றைக்குக் கரூரில் பஸ் பாடி கட்டுகிற பட்டறைகளில் சீட் வேலை செய்கிறவரும், சென்னை ஜி.பி. ரோட்டில் கார் சீட் கவர் தைக்கிறவரும், ஆட்டோவுக்கு டாப் போடுகிறவரும் அந்த டிரிம்மர்களின் பங்காளிகள்தான். ஒரே ஆள் இருபது வயதில் சாரட்டுக்கும் நாற்பதில் காருக்கும் ஐம்பத்தைந்தில் பஸ்ஸுக்கும் தைத்திருக்க முடியும்.

"சரி, இதெல்லாம் எந்த ஏட்டுல இருக்கும்? வெளிநாட்டுக்காரங்க எல்லாம் சென்சஸ்ல பாருங்கறாங்க."

அந்த விஷயத்தில் இங்கிலாந்துக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். வீடுவீடாக எழுதிய படிவங்களைப் பத்திரப்படுத்தி, நூறு வருஷம் கழித்துத் திறந்துவிடுகிறார்கள். 1921ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தொழில் மட்டுமல்ல, யாரிடம் வேலை என்பதையும் கேட்டிருந்தார்கள். 2022 ஜனவரியில் அது வெளியானபோது 'கோச் டிரிம்மர்' என்று எழுதிக்கொடுத்த எத்தனையோ பேரின் பேரப்பிள்ளைகளுக்குக் கம்பெனிப் பெயரோடு பதில் கிடைத்தது. இங்கே கணக்கெடுத்தார்கள், தொழில்வாரியாக அட்டவணையும் அச்சிட்டார்கள். தனி மனிதர்களின் தாளை வைத்துக்கொள்ளவில்லை. மாவட்டத்தில் எத்தனை பேர் தோல் வேலை செய்தார்கள் என்று அந்தத் தொகுதிகளில் பார்க்கலாம், உன் கொள்ளுத் தாத்தாவைப் பார்க்க முடியாது. அதற்காக இரண்டு மாதம் வருந்தியது போதும்.

நமக்கு இருப்பது பத்திரம். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தைப் புரட்டினால் இரண்டாவது பிரிவிலேயே ஒரு விளக்கம் வரும்: பத்திரத்தில் ஒருவர் பெயரோடு இருப்பிடமும், தொழிலும், இந்தியராக இருந்தால் தகப்பனார் பெயரும் சேர வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் வைக்கிற முதல் அட்டவணையில், பத்திரம் எழுதிக்கொடுத்தவர், வாங்கியவர் பெயர்கள் இந்த விவரங்களோடு ஏறும். சொத்துப் பத்திரங்களின் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதும் அதே சட்டம்தான். நாம் வில்லங்கம் போட்டுப் பார்ப்பது நிலத்துக்காக. ஒரு தடவை மனிதருக்காகப் போட்டுப் பார். "எங்களுக்குச் சொத்தே கிடையாதே" என்று உடனே கையை விரிக்காதே. குடியிருந்த வீட்டை அடமானம் வைத்திருக்கலாம். மனைவி பெயரில் கால் கிரவுண்டு வாங்கியிருக்கலாம். பக்கத்துவீட்டுக்காரர் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கலாம். கிடைத்தால் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார். 'டிரிம்மர்', 'டெய்லர்', 'சேணம்', 'கம்பெனி வேலை' எது இருந்தாலும் அப்படியே எழுத்து பிசகாமல் குறித்துக்கொள்.

கிறிஸ்தவக் குடும்பமென்றால் இன்னொரு வாசல் திறக்கும். ஆங்கிலிகன் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டில் தகப்பனாரின் தொழிலுக்கென்றே ஒரு பத்தி உண்டு. மதராஸ் மாகாணத்தின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்குப் போய், பிரிட்டிஷ் நூலகத்தில் என்/2 என்ற வரிசையில் இருக்கின்றன. ஐரோப்பியர்கள், ஆங்கிலோ இந்தியர்கள் அதில் நிறைய அகப்படுவார்கள். வருஷாவருஷம் வந்த அசைலம் பிரஸ் பஞ்சாங்கத்தில் மதராஸ் கம்பெனிகளின் பட்டியல் உண்டு. அதைப் பார்ப்பது கம்பெனி எந்தத் தெருவில் எந்த வருஷம் இருந்தது என்று தெரிந்துகொள்ள மட்டுமே. துரைமார்களின் பெயர் இருக்கும், ஆணியை வாயில் வைத்திருந்தவரின் பெயரை அதில் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

ரயில்வே என்றால் கதை வேறு, காகிதம் கூடுதல். என் தாத்தா சேர்ந்தபோது அது மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே. 1951இல் தென்னக ரயில்வே ஆனது. அவருடைய சர்வீஸ் ரிஜிஸ்டரைத் தேடி நான் ஓர் அலுவலகத்துக்கு நாலு முறை நடந்தேன். பழைய தாள்கள் கழிக்கப்பட்டுவிட்டன என்றார்கள். அதோடு விட்டிருப்பேன். பாட்டியின் பெட்டியில் வருங்கால வைப்புநிதிக்கு வாரிசு நியமித்த படிவத்தின் நகல் ஒன்று மடித்துக் கிடந்தது. அவருடைய இடது பெருவிரல் ரேகை, பாட்டியின் பெயர், பக்கத்தில் ஆங்கிலத்தில் 'டிரிம்மர்'. அந்த ரேகையின் நடுவே ஒரு வெட்டுத் தழும்பு வெள்ளைக் கோடாக விழுந்திருக்கிறது. தோல் வெட்டுகிற கத்தியாக இருக்கும் என்று அப்பா சொன்னார். அந்தத் தாளைச் சட்டம் போட்டு மாட்ட எனக்கு மனம் வரவில்லை, அவ்வப்போது எடுத்துத் தொட வேண்டும்போல இருக்கிறது.

அப்பாவின் காலத்தில் எல்லாம் ஒழுங்கு. ஐ.சி.எஃப். 1955 அக்டோபர் 2 அன்று தொடங்கியபோது அங்கே செய்தது பெட்டியின் கூட்டை மட்டும். உள்ளே இருக்கை, மேல்தளம், விளக்கு எல்லாம் பொருத்துகிற ஃபர்னிஷிங் பிரிவு வந்தது 1962 அக்டோபர் 2இல். அப்பா அங்கே சேர்ந்தது அதன்பிறகுதான். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பட்டறை நகரும்போது குடும்பமும் நகரும். "நாங்க நாகப்பட்டினத்துக்காரங்க, தாத்தா காலத்துல திருச்சிக்கு வந்துட்டோம்" என்று யாராவது சொன்னால் உடனே வருஷத்தைக் கேள். 1928ஐ ஒட்டி இருந்தால் ரயில்வேயாக இருக்க வாய்ப்பு அதிகம். ரயில்வே பட்டறை நாகையிலிருந்து திருச்சி பொன்மலைக்குப் போன வருஷம் அது.

"மாமா, அத்தைப் பாட்டி வீட்டுல ஒரு பழைய சிங்கர் மெஷின் இருக்கு. அவரோடதுதான்னு சொல்றாங்க."

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் இவள். மெஷினின் அடித்தட்டில் ஓர் எண் பொறித்திருக்கும். முன்னால் எழுத்தே இல்லாமல் வெறும் எண்ணாக இருந்தால் 1900க்கு முந்தியது. ஓர் எழுத்து இருந்தால் 1900க்குப் பிறகு. இரண்டு எழுத்து வந்தது இன்னும் பிற்பாடு. எந்த எழுத்து, எந்த எண் என்று பார்த்தால் எந்தத் தொழிற்சாலையில் எந்த வருஷம் என்பதுவரை சொல்லிவிடலாம். அது மெஷின் பிறந்த வருஷம். அவர் வாங்கிய வருஷம் அல்ல, இரண்டாம் கையாகவும் வாங்கியிருக்கலாம். எண்ணை விடவும் நான் பார்ப்பது வேறு. ஜாக்கெட் தைக்கிற மெஷினில் தோல் தைக்க முடியாது. பாதம் எவ்வளவு உயரம் தூக்குகிறது, ஊசி எவ்வளவு தடிமன், மெஷின் கழுத்துக்குள் எவ்வளவு பெரிய துண்டு நுழையும் என்று பார்த்து, படம் எடுத்து அனுப்பு என்றேன்.

பிறகு தயங்கித் தயங்கி இதையும் சொன்னேன். வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாமல் போனதற்கு மறதி மட்டும் காரணமாக இருக்காது. தோல் தொட்ட கையை இந்த ஊர் எப்படி நடத்தியது என்று அவளுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கல்யாணப் பேச்சில் 'கம்பெனியில் வேலை' என்று சொல்லி நிறுத்திக்கொண்டவர்கள் உண்டு. பிள்ளைகளைப் படிக்க வைத்துவிட்டு, கத்தியையும் குத்தூசியையும் பரண்மேல் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டவர்கள் உண்டு. அது வெட்கம் இல்லை, பிள்ளைகளுக்குப் போட்ட வேலி. ஆகவே பெரியவர்களிடம் விசாரணை செய்வதுபோல் கேட்காதே. முதலில் அந்த வேலை எவ்வளவு கஷ்டமானது என்று உனக்குத் தெரியும் என்பதை அவர்களுக்குக் காட்டு. ஆறு அங்குலம், ஏழரை அங்குலக் கணக்கைச் சொல்லு.

அவள் அங்கேயே பட்டாபிராமில் இருக்கிற அத்தைப் பாட்டிக்குப் போன் போட்டாள். தாத்தாவின் கடைசித் தங்கை, தொண்ணூறை நெருங்குகிறவர். நலம் விசாரித்து, மருந்து சாப்பிட்டாரா என்று கேட்டு, மெல்ல அந்தக் கணக்கைச் சொன்னாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"உனக்கு யாரு சொன்னா இதெல்லாம்?"

"எதிர்வீட்டு மாமா. பாட்டி, உங்க அப்பா வேலை செய்யும்போது வாயில ஏதாவது வச்சிருப்பாரா?"

"வாயிலயா? ஆணி இருக்கும். கருப்பு ஆணி. நாங்க என்ன கேட்டாலும் தலைய மட்டும்தான் ஆட்டுவாரு. ஒருநாள் உங்க தாத்தா ஏதோ சேட்டை பண்ணப்போய் சிரிச்சிட்டாரு, ஒரு ஆணி உள்ள போயிடுச்சு. எங்கம்மா அழுதுக்கிட்டே ஒரு சீப்பு வாழைப்பழத்தை உரிச்சு உரிச்சுக் கொடுத்தாங்க. அன்னிக்கு ராத்திரி முழுக்க யாரும் தூங்கல."

அவள் எழுதிக்கொண்டிருந்தாள். நின்று செய்வாரா, உட்கார்ந்தா என்று கேட்கச் சொல்லிச் சைகை காட்டினேன்.

"நின்னுக்கிட்டுதான். வாசல்ல ரெண்டு முக்காலி போட்டு, மேல சீட்டு வச்சிருப்பாரு. ஞாயித்துக்கிழமைல டாக்ஸிக்காரங்க கொண்டுவருவாங்க. கம்பெனிக்குத் தெரியக் கூடாதுன்னு சாயங்காலமாத்தான் வருவாங்க" என்றார் பாட்டி. பிறகு அவராகவே, "எந்த டாக்ஸின்னு வேணுமா? பேரு எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார்.